உத்தரத்துக்குக் கீழே ஒரு முழம்

நான் மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது என் மாமனார் செய்த முதல் காரியம், தோளில் கிடந்த துண்டை உருவி அவசர அவசரமாகத் தறியின் மேல் போட்டு மூடியது. ஆரத்தித் தட்டு இன்னும் வாசலைத் தாண்டவில்லை. என் பின்னால் வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு என் காதோரம், "என்னடி இது, பொண்ணு வரச்சே பொட்டியைப் பூட்டற மாதிரி இருக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நிமிர்ந்து சிரிக்க முடியாது. அந்த வீட்டு நிலைவாசல் அவ்வளவு குட்டை. யார் வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்து நுழைகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உடனே தெரியாது. அதற்குள் துண்டு போட்டு மூடிவிடலாம்.

நான் ஆரணித் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரு புடவைக் கரையைப் பார்த்தால் அது எப்படி விழுந்திருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். பார்த்ததை மனசில் வாங்கிப் பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிடுவேன் என்று மாமனாருக்குப் பயம். நல்ல வேடிக்கைதான். பெண் எடுக்கும்போது ஆரணி என்று தெரியாதா? சொந்தத்தில் நல்ல பெண், தார்க்குச்சியில் நூல் சுற்றத் தெரிந்த பெண், பாவு நூலுக்குக் கஞ்சி போடத் தெரிந்த பெண் என்று தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் அவள் கண்ணைப் பார்த்துப் பயப்படுவது என்ன நியாயம்?

பெங்களூர்ப் பேட்டையில், கப்பன்பேட்டைப் பக்கம், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. பெரிய பஞ்சம் தீர்ந்த சில வருஷங்களில் மாமனாரின் அப்பா ஆரணியிலிருந்து வந்து கட்டியது. அவர் வீட்டைக் கட்டிவிட்டு அதில் தறி போடவில்லை. தறியை மனசில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார். முன் அறையின் அகலம், இரண்டு தறி பக்கத்தில் பக்கத்தில் நின்று நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அகலம். தறிக்காரர் காலைத் தொங்கவிட்டு உட்காரத் தரையில் குழி. குழிக்குள் எப்போதும் லேசான ஈரம் இருக்கும். பெங்களூரின் வறண்ட காற்றில் பட்டு இழை அறாமல் இருக்க அந்த ஈரம் வேண்டும். சுவர் மண்சுவர், விளக்கு மாடத்தில் கையை விட்டால் முழங்கைவரை உள்ளே போகும் கனம். வெளிச்சத்துக்குக் கூரையில் ஓட்டுக்கு நடுவே கண்ணாடி ஓடு. அது நேராகத் தறியின் மேல் வெளிச்சத்தைக் கொட்டும். மற்ற இடமெல்லாம் அரை இருட்டு. அதற்குப் பின்னால் நான் தார் சுற்றும் நடு அறை, அதற்குப் பின்னால் சமையலறை, கடைசியில் கிணறு. ரயில்பெட்டி மாதிரி ஒன்றின் பின் ஒன்றாகத்தான் போக வேண்டும்.

தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. நடுவில் கொஞ்ச காலம் இருந்ததாம். பிளேக் வந்த காலத்தில், வீட்டுக்குள் காற்று வரவேண்டும் என்று அதிகாரிகள் தெரு முழுக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் சொன்னார்களாம். பிளேக் போனது, என் மாமனாரின் அப்பாவும் போனார், மாமனார் முதல் வேலையாக அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். தெருவில் போகிறவன் எட்டிப் பார்ப்பானாம். புதுச் செங்கலின் மேல் பூசிய சாந்து பழைய சுவரோடு ஒட்டவேயில்லை. சதுரமாக ஒரு தழும்பு கடைசிவரை தெரிந்துகொண்டே இருந்தது.

இன்னொரு சுவரும் அவர் கட்டினார். அதுதான் கதையே.

மாமனாருக்கு ஒரு தம்பி. என் சின்ன மாமனார். அப்பா இருந்தவரை அண்ணனும் தம்பியும் அந்த முன் அறையில் இரண்டு தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தவர்கள். பாகம் பிரிக்கும்போது கண்ணாடி ஓடு இருந்த பாதி அண்ணனுக்குப் போனது. அப்பா போட்ட கரைகளும் அவரிடமே நின்றன. தம்பி தெருவே கூடியிருக்கும்போது அண்ணனைப் பார்த்து "திருடன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன், "இனி உன் மூஞ்சியில முழிச்சா ஏன்னு கேளு" என்றார். வீட்டின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு சுவர் எழுந்தது. ஒரே வீடு இரண்டு வீடானது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர்கள் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் தெருவில் இறங்கினால் மற்றவர் உள்ளே போய்விடுவார்.

ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகவில்லை. கூரையைத் தாங்கும் பெரிய உத்தரம் ஒன்று அறையின் குறுக்கே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போனது. கூட்டுக் குடும்பமாக இருந்தபோது பூஜை போட்டு ஏற்றிய உத்தரத்தை அறுக்கவும் கூடாது, பாகச் சுவர் அதன் மேல் முட்டவும் கூடாது என்பது எங்கள் தெருக்காரர்களின் வழக்கம். அதனால் உத்தரத்துக்கு ஒரு முழம் கீழேயே சுவரை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு முழ இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் புகை இங்கே வரும், எங்கள் வீட்டுத் தாளிப்பு அங்கே போகும். அவர்கள் தறியின் பலகை அடிக்கும் சத்தம் எங்கள் தலைக்கு மேல் கேட்கும். தெருவில் போகிற ஊர் பேர் தெரியாதவனுக்குப் பயந்து ஜன்னலை அடைத்த மனுஷன், "திருடன்" என்று சொன்ன தம்பி வீட்டுப் பக்கம் இவ்வளவு பெரிய சந்தை விட்டுவைத்தது ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "சாஸ்திரம்" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. அவர் மற்ற சாஸ்திரம் எதையும் அவ்வளவு கட்டிக் காத்ததை நான் பார்த்ததில்லை.

அவர் போட்ட கரை ஒன்று அந்த வருஷங்களில் சிக்பேட்டைப் புடவைக் கடைகளில் பேராக இருந்தது. கிளி ஒன்று முன்னால் நடந்துகொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். வரிசையாக எல்லாக் கிளியும் அப்படித்தான், பின்னால் வருகிறவனை நம்பாத கிளிகள். அவருக்கு ஏற்ற கரை என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அதை எப்படி நெய்தார்கள் என்று சொன்னால்தான் மேலே சொல்வது புரியும். கரையில் பூ விழ வேண்டிய இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு கயிறு கட்டித் தறிக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் எந்தெந்தக் கயிற்றை இழுப்பது என்பதில்தான் ரகசியம் எல்லாம் இருக்கிறது. மாமனார் குழியில் உட்கார்ந்து நாடாவை விடுவார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுப்பார். எதை இழுக்க வேண்டும் என்பதை மாமனார் ராகம் போட்டுச் சொல்வார். அந்தக் கயிறுகளுக்கு அவர் வீட்டில் பேர் வைத்திருந்தார்கள். அவரும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பாவுக்குக் கயிறு இழுத்துக்கொண்டே வைத்த பேர்களாம். "சித்தி வா, மாமன் நில்லு... அக்கா தங்கச்சி கைகோத்து வா..." என்று அவர் கணீரென்று பாடுவார். எது சித்தி, எது மாமன் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. என் கண்ணுக்கு எல்லாக் கயிறும் கயிறுதான்.

ஒரு நாள் காலையில் சிக்பேட்டை வியாபாரி ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். மாமனார் வழக்கம்போல் துண்டைப் போட்டு மூடினார். வியாபாரி சிரித்தார். "எதுக்கு யஜமானரே மூடறீங்க? உங்க கிளி பக்கத்து வீட்லயும் பறக்குதே!" என்று சொல்லி, கையிலிருந்த புடவையைப் பிரித்துக் காட்டினார். அதே கிளி. அதே திரும்பின கழுத்து. அது சின்ன மாமனார் தறியில் விழுந்த புடவை.

என் கணவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வீட்டில் வெளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்தி. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வேறு பெண் கிடையாது.

"பின்னாடிக் கெணத்தாங்கரையில அவளோட என்ன பேச்சு?" என்றார்.

அவள் என்றால் சின்ன மாமியார். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. தண்ணீர் இறைக்கும்போது பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவோம். "கருவேப்பிலை கேட்டேன் மாமா" என்றேன்.

"கருவேப்பிலை குடுத்துட்டுக் கிளியை வாங்கிக்கிட்டாளா?"

வியாபாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெருக்குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அக்கம்பக்கத்தில் பாவு நீட்டியிருந்தால், நான் தாண்டிப் போகும்வரை அதன் மேல் துணியைப் போட்டார்கள். வெறும் நீள இழைகளான பாவில் பூ ஏது, மூடுவதற்கு? அவ்வளவு வெறுப்பு. இரண்டு நாளில் மாமனார் என் கணவரிடம், நான் கேட்கும்படியே சொன்னார்: "கரகத் திருவிழா முடியட்டும். இவளைக் கொண்டுபோய் ஆரணியில விட்டுடு." எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிப்பா" என்றார். எனக்கு ஒரு தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள். கரையைத் திருடிக் கொடுத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு நான் போய் நின்றால் எந்தத் தறிக்காரர் வீட்டில் அவளை எடுப்பார்கள்?

நானும் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். சின்ன மாமியார் கூரை வழியாக எட்டிப் பார்க்கிறாளோ என்று அந்த ஒரு முழ இடைவெளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒட்டடைதான் இருந்தது. ஒரு நூலாம்படை கூடக் கலையவில்லை. வியாபாரியைச் சந்தேகப்பட்டேன். அடுத்த வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் உளறுகிறேனோ என்று என்னையே கூடச் சந்தேகப்பட்டேன்.

கரகத்துக்கு முந்தின வாரம் கோடை மழை வந்தது. அன்று காலை சின்ன மாமனார் வீட்டுப் பாவு தெருவில் நீளமாக நீட்டிக் கட்டியிருந்தது. கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று வானம் இருட்டி, "மளே! மளே!" என்று தெருக்கோடியிலிருந்து கன்னடத்தில் மழைக் கூச்சல் கிளம்பியது. பாவு தெருவில் இருக்கும்போது மழை வந்தால் எங்கள் தெருவில் பகை பார்க்கக் கூடாது. வெட்டுப்பழி குத்துப்பழி என்றாலும் ஓடிப் போய்ச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். நனைந்த பாவு வீணாய்ப் போனால் அது தெருவுக்கே ஆகாது. மாமனார் தறியிலிருந்தே, "போ, போய்க் கை குடு" என்றார். ஆரணிக்கு அனுப்பப்போகிற பெண்ணை, அதுவும் அந்த வீட்டுக்கு. நான் ஓடினேன்.

நாலைந்து பெண்களாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தோம். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் தொப்பலாக நனைந்திருந்ததால், பின்வாசல் வழியாகக் கிணற்றடியைச் சுற்றிப் போய்விடலாம் என்று அந்த வீட்டு நடு அறைக்குள் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தேன். நான் போய்விட்டதாக அவர்கள் நினைத்திருக்க வேண்டும். சின்ன மாமனார் குழிக்குள் இறங்கினார். சின்ன மாமியார் கயிறுகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு இருவரும் சும்மா இருந்தார்கள். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

மேலே உத்தரத்தின் பக்கமிருந்து என் மாமனாரின் குரல் வந்தது.

"சித்தி வா, மாமன் நில்லு..."

சின்ன மாமியாரின் கை கயிற்றை இழுத்தது. நாடா ஓடியது. பலகை அடித்தது. "அக்கா தங்கச்சி கைகோத்து வா..." மறுபடி அவள் கை இழுத்தது. அந்தக் குரல் அங்கே எங்கள் வீட்டைவிடத் தெளிவாகக் கேட்டது. அப்போது ஓட்டின் மேல் மழை வலுத்து இரைந்தது. அடுத்த வரி காதில் விழவில்லை. சின்ன மாமியார் புருஷனைப் பார்த்தாள். அவர் பலகையைச் சும்மா இரண்டு தட்டுத் தட்டினார், நாடா விடாமல். அந்தப் பக்கம் குரல் நின்றது. பிறகு என் மாமனார் அதே வரியை நிறுத்தி நிதானமாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் மறுபடி சொன்னார்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லையாம்! தெருவே அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது?

மறுநாள் காலை என் கணவர் கடைத்தெருவுக்குப் போனதும் நான் போய்த் தறிக்குழிக்கு எதிரில் நின்றேன். மாமனார் துண்டை எடுத்தார். "மூட வேண்டாம் மாமா" என்றேன். "நேத்து அந்த வீட்டு உள்ளதான் இருந்தேன். ரெண்டு தட்டுத் தட்டினதும் நீங்க மறுபடி சொன்னதைக் கேட்டேன்."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவ்வளவு பெரிய மனுஷனின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "அவன் வீட்ல அடுப்பு எரியலைம்மா" என்றார். "மிஷின் தறி வந்ததுலருந்து அவன் நெய்யற வெறும் கட்டத்தை யாரும் சீண்டறதில்லை. நேரா குடுத்தா வாங்க மாட்டான். நானும் எப்படிக் குடுப்பேன்? ஊர் முன்னாடி சொன்ன சொல் இருக்கே. நான் குடுக்கறேன்னு அவனுக்குத் தெரியும். அவன் எடுக்கறான்னு எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் மானம் போச்சு."

"என் மானம்?" என்றேன்.

அதற்கு அவர் சொன்ன பதில்தான் இத்தனை வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது. ரொம்ப மெதுவாக, ஏதோ எனக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னார்: "யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லியாகணும். நீன்னா எல்லாரும் உடனே நம்புவாங்கம்மா."

நான் அழவில்லை. கோபம் அழுகையை விழுங்கிவிட்டது. "உங்க புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா நான் தெருவில நின்னு சொல்லுவேன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமனார் மருமகளைக் கும்பிட்டால் என்ன செய்ய முடியும்? அது கும்பிடா, என் வாயை அடைக்கிற பூட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்றைக்கு என் கணவர் வந்ததும் மாமனார், "அவ எங்கயும் போக வேணாம்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை. கரகம் வந்தது, போனது. தெரு கொஞ்ச நாளில் வேறு விஷயத்துக்கு நகர்ந்தது. என் மேல் போட்ட பேரை யாரும் எடுக்கவுமில்லை. மாமனார் தறியை அதன் பிறகு என் எதிரில் மூடியதில்லை. அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது. பட்டுக் கிடைக்காத யுத்த காலத்தில் அண்ணனும் தம்பியும் சில மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள், கடைசிவரை முகத்துக்கு முகம் பேசாமலே.

இப்போது அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் நிற்கிறது. அட்டைப்பெட்டி அடுக்கும் கிடங்கு. தெருவைப் பார்த்து வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் எப்போதும் சாத்தியே கிடக்கின்றன. நாங்கள் அல்சூர்ப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். என் கணவருக்கு வயதான பிறகு பழசைப் பேசுவதில் ஆசை வந்தது. ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, தானாகவே ஆரம்பித்தார்: "அந்தக் கிளிக்கரை விஷயத்தை நான் எப்பவோ மறந்துட்டேன், தெரியுமா? நீ ஏதோ சின்னப் பொண்ணு, தெரியாம குடுத்துட்டே. நான் மனசுல வெச்சுக்கல."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் என்னை மன்னித்துக்கொண்டு என் கூடக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்! நடந்ததை எல்லாம் கொட்டினேன். மழை, இரண்டு தட்டு, மறுபடி சொன்ன வரி, அவர் அப்பா கும்பிட்டது, எல்லாம். அவர் முகம் மாறவே இல்லை. "போனவர் மேல பழி போடாதே" என்றார்.

அந்த அமைதியைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது. அத்தனை வருஷம் தோன்றாதது. "நீங்க பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க?" என்றேன். "உங்கப்பா ஒரு வரியை ரெண்டாம் தடவை சொல்றப்போ நீங்க கயித்தை இழுக்கலையே. இழுத்திருந்தா நம்ம கரை கெட்டிருக்குமே. ஒரு நாளும் கெடலையே? அப்போ அந்த ரெண்டாம் தடவை யாருக்குன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே?"

அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். வெற்றிலையைத் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பைத் தடவினார். வாயில் போட்டு மென்று முடிக்கும்வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அப்பவே ஒரு காது மந்தம்" என்றார்.

அவருக்கு இரண்டு காதும் கடைசிவரை நன்றாகவே கேட்டன. சமையலறையில் பால் பொங்குவது என்னைவிட அவருக்குத்தான் முதலில் கேட்கும்.